நினைவகம் கேட்டு டிரைவரே உறைந்துபோகாமல் இருக்க

கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சேமிப்பக டிரைவர் எழுதும்போது நினைவக ஒதுக்கீட்டால் வரும் டெட்லாக்கை, அதாவது ஒன்றுக்காக ஒன்று காத்து எதுவுமே நகராத நிலையை, எப்படித் தவிர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். லினக்ஸை வைத்துச் சொல்கிறேன். சென்னை தரமணியில் பல ஆண்டுகளாக எனக்கு இதுதான் வேலை.

எங்கள் குடியிருப்பில் கிணற்று மோட்டார் காற்று வாங்கிவிட்டால், ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால்தான் மறுபடி இழுக்கும். தொட்டி வறண்ட பிறகு அந்தக் குடத்துக்கு எங்கே போவது? அதனால் காவலாளி ஒரு குடத்தை நிரப்பி மோட்டார் அறையிலேயே வைத்திருப்பார். வேறு எதற்கும் எடுக்க விடமாட்டார். டிரைவரின் நிலையும் இதுதான். நினைவகம் தீரும்போது, வட்டுக்கு இன்னும் போகாத நினைவகப் பக்கங்களை எழுதியும் கர்னல் இடம் மீட்கிறது. எழுதிக்கொடுக்க வேண்டிய நீங்களே அந்த நேரத்தில் ஜிஎஃப்பி_கர்னல் (வேண்டுமானால் வட்டுக்கு எழுதியாவது இடம் கொடு என்னும் கொடி) என்று நினைவகம் கேட்டால், உங்கள் வேலை முடிவதற்காக நீங்களே காத்து நிற்பீர்கள்.

ஆகவே எழுதும் பாதையில், அதாவது வட்டுக்கு எழுதும் கோரிக்கை கடந்துபோகும் நிரல் பகுதியில், ஜிஎஃப்பி_நோஐஓ (இடம் மீட்க வட்டைத் தொடாதே என்னும் கொடி). அது சுழலில் சிக்காமல் காக்குமே தவிர, நினைவகம் கிடைக்கும் என்று உறுதி தராது. குடமும் வேண்டும்: அதுதான் மெம்பூல், முன்கூட்டியே ஒதுக்கி வைத்த நினைவகம். சாதனத்தை இயக்கத் தொடங்கும்போதே, ஒரு கோரிக்கையாவது முழுதாக முடியும் அளவுக்கு நிரப்பிவிடுங்கள். முதலில் எடுத்ததைத் திருப்பித் தராமல் அதே பூலில் இரண்டாவதைக் கேட்கவே கேட்காதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். சோதனை இயந்திரம் நின்றுவிட்டது. 120 விநாடிகளுக்கு மேல் முடங்கிய பணி என்று திரையில் செய்தி. அழைப்பு அடுக்கை (எந்தச் செயல்கூறு எதை அழைத்தது என்ற பட்டியல்) கீழிருந்து படித்தேன். அடியில் எங்கள் டிரைவரின் அமைப்பை மாற்றும் ஐஆக்டில் (பயனர் நிரல் டிரைவருக்குக் கொடுக்கும் கட்டளை). அது மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பிடிக்கக்கூடிய பூட்டு) பிடித்தபடி, நினைவகம் ஒதுக்கும் கேமல்லாக்கை அழைத்திருக்கிறது. அதற்கு மேல் பக்க மீட்பு, ஸ்வாப் (நினைவகப் பக்கங்களை வட்டுக்கு நகர்த்துவது). உச்சியில் மறுபடியும் எங்கள் டிரைவர், அதே மியூடெக்ஸுக்காகக் காத்திருந்தது. எழுதும் பாதையை அலசி அலசிப் பார்த்த நான், ஐஆக்டிலைத் திரும்பியே பார்க்கவில்லை. எழுதும் பாதைக்குத் தேவைப்படும் பூட்டை எங்கே பிடித்தாலும் அந்த இடமும் எழுதும் பாதைதான். அங்கெல்லாம் மெம்அல்லாக்_நோஐஓ_சேவ் (அதன் பிறகு வரும் ஒதுக்கீடுகளை நோஐஓ ஆக்கும் அழைப்பு) போடுங்கள், கர்னல் 3.9 முதல், அதாவது 2013 முதல் இருக்கிறது. நீங்கள் அழைக்கும் பிற நூலகச் செயல்கூறுகளின் ஒதுக்கீட்டுக்கும் அது பொருந்தும். எழுதும் வேலையை வொர்க்க்யூவுக்கு (பின்னணியில் வேலைகளைச் செய்யும் கர்னல் வரிசை) தள்ளினால் டபிள்யூக்யூ_மெம்_ரீக்ளெய்ம் கொடி கட்டாயம். புதிய திரெட் (வேலையை ஓட்டும் இழை) உருவாக்க நினைவகம் இல்லாதபோது, முன்பே உருவாக்கி வைத்த மீட்புத் திரெட் அந்த வேலையை எடுத்துச் செய்யும்.

சோதிக்கும்போது ஸ்வாப்பை உங்கள் சாதனத்தின் மேலேயே வையுங்கள். நினைவகத்தைத் தின்னும் நிரல் ஒன்றை ஓடவிட்டு, கூடவே அமைப்பு மாற்றும் கட்டளைகளையும் விடாமல் கொடுங்கள். நினைவகம் தாராளமாக உள்ள இயந்திரத்தில் இந்தப் பிழை தலைகாட்டாது.