வயிறும் பயமும்: வாசகர் கேள்விகள்

ஸ்கேன், கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது) எல்லாம் நார்மல். ‘எரிச்சல் குடல் நோய், மனசுதான் காரணம்’ என்கிறார்கள். நான் நடிக்கிறேனா? (கம்பம்)

இல்லை. வலி உண்மை. குடலில் புண் இல்லை. குடலின் நரம்புகள் அளவுக்கு மீறி உணர்கின்றன. பிறருக்குத் தெரியாத காற்றுகூட உங்களுக்கு வலிக்கிறது. ‘புற்றுநோயோ’ என்று நினைத்த மாத்திரத்தில் மூளை வயிற்றையே உற்றுக் கவனிக்கிறது, வலி கூடுகிறது. மறுபடி ஸ்கேன் எடுத்தால் நிம்மதி ஒரு வாரம்தான். மலத்தில் இரத்தம், எடைக் குறைவு, தூக்கத்தைக் கலைக்கும் பேதி இருந்தால் மட்டும் உடனே டாக்டரிடம் போங்கள்.

வயிறு சரியில்லை. என்ன மாத்திரை போடலாம்? (ஊர் இல்லை)

வயது, எத்தனை மாதம், பேதியா மலச்சிக்கலா, எதுவுமே எழுதாமல் மாத்திரை கேட்காதீர்கள். மலத்தில் இரத்தம் உண்டா என்று முதலில் பாருங்கள்.

வேலைக்குப் புனலூர் போகிறேன். மலைப்பாதையில் அவசரம் வந்துவிடுமோ என்று காலையில் பட்டினி. கழிப்பறை உள்ள இடமெல்லாம் மனப்பாடம். (செங்கோட்டை)

இதே கடிதம் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. பட்டினி உங்களைக் காப்பாற்றவில்லை, பயத்தைத்தான் வளர்க்கிறது. ‘வந்துவிட்டால்?’ என்று நினைக்கிறீர்கள், பயத்தில் பெருங்குடல் வேகமாக இயங்குகிறது, வயிறு கலக்குகிறது, ‘நினைத்தது நடக்கிறதே’ என்று பயம் இரட்டிக்கிறது. ஒன்றும் நடக்காமல் புனலூர் போய்ச் சேர்ந்தாலோ, பட்டினியால் தப்பித்தேன் என்கிறீர்கள். சாப்பிட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் போகிறது.

சாப்பிட்ட சிறிது நேரத்தில் குடல் அசைவது எல்லாருக்கும் இயல்பு. ஆகவே பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்பே இரண்டு இட்லி சாப்பிட்டு, கழிப்பறைக்கு நிதானமாகப் போய் வாருங்கள். விடுமுறை நாளில் முதலில் புளியரை வரை, பிறகு ஆரியங்காவு, பிறகு தென்மலை என்று தூரத்தைக் கூட்டுங்கள். ஒரு நோட்டில் பயந்ததை ஒரு பக்கமும் நடந்ததை மறு பக்கமும் எழுதுங்கள். சி.பி.டி. என்ற, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் மனப்பயிற்சியில் செய்வதும் ஏறக்குறைய இதுதான். தனியாக முடியாவிட்டால் மனநல ஆலோசகரிடம் கற்றுக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அமிட்ரிப்டிலின் 10 மி.கி. கொடுத்தார்கள். மனநோய் மாத்திரையாமே? நிறுத்திவிட்டேன். (கூடலூர்)

யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்? மனச்சோர்வுக்குக் கொடுப்பது இதைப்போல் பல மடங்கு. இந்தச் சிறு அளவு குடல் நரம்புக்கானது. 2023-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டன் ஆய்விலும் பலன் தெரிந்தது. எழுதிக் கொடுத்த டாக்டரிடமே திரும்பப் போங்கள்.

மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) சாப்பிடலாமா? (களியக்காவிளை)

அளவோடு சாப்பிடலாம். அதோடு சேர்த்துக்கொள்ளும் மீன்கறியில் மிளகாயைக் குறையுங்கள்.