1000-ஆவது கோல் விழுந்ததும் ரசிகர்கள் ஏன் மைதானத்துக்குள் ஓடினார்கள்?

கேள்வி: 2022-இல் சிட்னியில் லான்ஸ் ஃபிராங்க்ளின் என்ற ஆஸ்திரேலிய ஃபுட்டி வீரர் கோல் அடித்ததும் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி ஓடிய வீடியோவைப் பார்த்தேன். ஆட்டம் முடியவே இல்லை. காவலர்களும் பெரிதாகத் தடுத்ததாகத் தெரியவில்லை. அங்கே இது சகஜமா? பெரிய வீரர்களை அவர்கள் எப்படித்தான் கொண்டாடுவார்கள்?

பதில்:

சகஜம் இல்லை. ஆனால் எதிர்பாராததும் இல்லை. சாதாரண நாளில் வேலி தாண்டினால் அபராதம் உண்டு. கோல் கணக்கு ஒரு பெரிய எண்ணைத் தொடும் நாளில் மட்டும் கூட்டம் உள்ளே வரும் என்பது கிளப்புக்கும் தெரியும், காவல்துறைக்கும் தெரியும். பல தலைமுறையாக நடக்கிற வழக்கம் அது. அதற்கென்று எழுதப்படாத ஒழுங்கும் இருக்கிறது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. முட்டை வடிவப் பந்து, கிரிக்கெட் மைதானம், ஒரு பக்கத்துக்கு 18 பேர், தலா 20 நிமிடம் என நான்கு கால்பகுதிகள். நின்றுபோன நேரம் தனியாகச் சேரும். இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவிலுள்ள உயரமான இரண்டுக்கும் இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. பக்கத்து இடைவெளியில் போனால் ‘பிஹைண்ட்’, 1 புள்ளி. நடுக் கம்பத்தில் பந்து லேசாக உரசிவிட்டு உள்ளே போனாலும் 1 புள்ளிதான். எதிரணி வீரரின் விரல் பட்டுப் போனாலும் அப்படியே.

இனி அந்த இரவு. 2022 மார்ச் 25, வெள்ளிக்கிழமை, சிட்னி கிரிக்கெட் மைதானம், ஜீலாங் அணிக்கு எதிரான ஆட்டம். 995 கோல்களோடு அந்த சீசனுக்குள் வந்தவர் ஃபிராங்க்ளின். முதல் ஆட்டத்தில் ஒன்றுதான் கிடைத்தது. ஆகவே இரண்டாவது ஆட்டத்தில் நான்கு தேவை. 35 வயதுக்காரருக்கு ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் என்பது கேட்டவுடன் கிடைக்கிற சமாச்சாரம் இல்லை. அன்று விழாமல் அடுத்த ஆட்டத்துக்குத் தள்ளிப்போயிருந்தால் சொந்த மைதானத்தில் நடக்கும் என்ற உறுதி கிடையாது. அதனால் மூன்றாவது கோல் விழுந்ததிலிருந்தே கேலரியில் யாரும் உட்காரவில்லை. கடைசிக் கால்பகுதியில் பந்தை ‘மார்க்’ பிடித்தார், அதாவது உதைத்து வந்த பந்தைத் தரையில் படாமல் கையில் பிடித்தார். அப்படிப் பிடித்தவருக்கு யாரும் குறுக்கே பாயாமல் நின்று நிதானமாக உதைக்கும் உரிமை உண்டு. அதுதான் செட் ஷாட், 30 விநாடி அவகாசம்.

இங்கே ஃபிராங்க்ளினின் உதையைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. இடதுகால் வீரர். நேராக ஓடிவர மாட்டார். இடப்பக்கமாக ஒரு வளைவு போட்டு ஓடிவந்து உடம்பைத் திருப்பி உதைப்பார். விதிப்படி, பந்தைப் பிடித்த இடத்துக்கும் கோலின் நடுவுக்கும் இடையிலான கோட்டைவிட்டு உதைப்பவர் விலகினால் நடுவர் ‘ப்ளே ஆன்’ சொல்லிவிடலாம். அப்போது எதிராளி மேலே பாயலாம். இவருடைய இயல்பான வளைவுக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பது வருடக்கணக்காக ஓடிய வாதம். எதிரணி ரசிகர்கள் ஒவ்வொரு முறையும் கத்துவார்கள். என்னைக் கேட்டால், அந்த வளைவு இல்லாமல் அவரால் 50 மீட்டருக்கு அப்பாலிருந்து அவ்வளவு கோல்கள் போட்டிருக்கவே முடியாது. 1000-ஆவதுக்கு அந்தச் சிக்கல் எல்லாம் வரவில்லை. பக்கத்திலிருந்தே உதைத்தார், நடுவில் போனது. உள்ளே இறங்கினது கூட்டம்.

அதிகாரபூர்வமாக அன்று வந்தவர்கள் 36,578 பேர். அவர்களில் பெரும் பகுதி புல்லில் நின்றது. சக வீரர்களும் காவலர்களும் சுற்றி வளையம் கட்டி ஃபிராங்க்ளினை நகர்த்திக்கொண்டு போனார்கள். ஆட்டம் அரை மணி நேரத்துக்கும் மேல் நின்றது. பிறகு மிச்ச நிமிடங்களை ஆடி, சிட்னி 107–77 என்று ஜெயித்தது. உதைத்த பந்து ஒரு ரசிகர் கையில் சிக்கி, கூட்டத்தோடு கூட்டமாக மைதானத்தைவிட்டே போய்விட்டது. பின்னர்தான் திரும்பி வந்தது. இரவு ஆட்டங்களில் மஞ்சள் நிற ஷெரின் பந்து. அடையாளம் தெரியாமல் ஒளித்து வைக்கிற நிறம் இல்லை, அப்படியும் தப்பித்திருக்கிறது.

ஏன் 1000-க்கு மட்டும் இவ்வளவு? ஏ.எஃப்.எல் என்ற உச்ச லீக்கில் அந்த எண்ணை அதுவரை தொட்டவர்கள் ஐந்தே பேர்: டோனி லாக்கெட் 1360, கோர்டன் கவன்ட்ரி 1299, ஜேசன் டன்ஸ்டால் 1254, டக் வேட் 1057, கேரி ஏப்லெட் சீனியர் 1031. ஃபிராங்க்ளின் ஆறாவது, பழங்குடி வீரர்களில் முதல்வர். 2023-இல் ஓய்வு பெறும்போது 354 ஆட்டங்களில் 1066 கோல், பட்டியலில் நான்காவது இடம். ஆட்டத்துக்கு மூன்று கோல் என்று கணக்கு வரும். லாக்கெட் 281 ஆட்டங்களில் 1360, கிட்டத்தட்ட ஐந்து. இதை வைத்து ஃபிராங்க்ளினைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு, அது சரியில்லை. லாக்கெட் காலத்தில் முன்கள வீரரும் அவரைக் காக்கிற ஒருவரும் கோலுக்கு முன்னால் கிட்டத்தட்டத் தனியாக மல்லுக்கட்டினார்கள். ஃபிராங்க்ளின் ஆடிய காலத்தில் மொத்த அணியும் பின்னால் இறங்கி இடத்தை அடைத்தது. ஒருவரை நம்பிப் பந்தைப் போடும் பழக்கமே போய்விட்டது. அவரை ஒட்டி ஓய்வு பெற்ற பெரிய முன்கள வீரர்களைப் பாருங்கள்: டாம் ஹாக்கின்ஸ் 796, ஜாக் ரீவோல்ட் 787. இருவருமே 340 ஆட்டங்களுக்கு மேல் ஆடியவர்கள். ரசிகர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். இன்னொரு 1000 தங்கள் ஆயுளில் வராது என்று நினைத்துத்தான் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

உள்ளே ஓடும் வழக்கத்துக்கு இன்னொரு எண்ணும் உண்டு: ஒரே சீசனில் 100 கோல். 2008-இல் ஹாதார்ன் அணியில் இருந்தபோது ஃபிராங்க்ளின் அதையும் செய்தார். வழக்கமான சுற்றுகளில் 102, இறுதிச் சுற்றுகளையும் சேர்த்து 113. வழக்கமான சுற்றுகளில் கடைசியில் கார்ல்டன் அணிக்கு எதிராக அவர் நூறைத் தொட, மெல்பனில் கூட்டம் இறங்கியது. எதிரணியின் பிரெண்டன் ஃபெவோலா அதே நாளில் 99-இல் நின்றுபோனார். பாவம்! அதற்குப் பிறகு ஒரு சீசனில் 100 யாருக்கும் வரவில்லை. மூன்றாவது வகை, மொத்தப் பட்டியலின் உச்சி உடையும் நாள். 1999 ஜூன் 6, இதே சிட்னி மைதானம்: லாக்கெட் 1300-ஆவது கோலை அடித்து, 1937 முதல் அசையாமல் இருந்த கவன்ட்ரியின் சாதனையைத் தாண்டினார். எதிரே நின்ற அணி காலிங்வுட், கவன்ட்ரி ஆடிய அதே கிளப். அன்றும் மைதானம் நிறைந்தது.

எங்கே சொதப்பும் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் தப்பு, சீக்கிரம் ஓடுவது. பந்து கம்பங்களுக்கு இடையே போனதாகக் கேலரியிலிருந்து தெரிந்தால் போதாது. மைதான நடுவர் ‘ஆல் கிளியர்’ கொடுக்க வேண்டும். அதன்பிறகு கோல் நடுவர் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் முன்னால் நீட்டுவார். ஒரு விரல் என்றால் பிஹைண்ட், பிழைப்பு போச்சு. பிறகு இரண்டு கொடிகளை எடுத்து எதிர்முனை நடுவருக்கு ஆட்டுவார். கம்பத்தில் உரசியதா என்று வீடியோ பார்க்கச் சொன்னால் இன்னும் கொஞ்ச நேரம் போகும். அதற்குள் பாதிக் கூட்டம் உள்ளே நின்றால் வெளியே அனுப்புவதும் கஷ்டம், ஆட்டத்தைத் தொடர்வதும் கஷ்டம்.

இரண்டாவது, நெரிசல். எல்லோரும் ஒரே மனிதரை நோக்கித்தான் ஓடுகிறார்கள். முதலில் போய்ச் சேர்ந்தவர் தோளைத் தட்டுவார், சட்டையைப் பிடிப்பார். பின்னால் வருகிறவர்களுக்கு முன்னால் இடமில்லை என்பது தெரியாது, தள்ளிக்கொண்டே இருப்பார்கள். வேலிக்கு அருகிலேயே நின்றுகொள்வது நல்லது, சின்னப் பிள்ளைகள் கூட இருந்தால் கட்டாயம். மூன்றாவது, ஆட்டக்காரர்களின் உடம்பு. வியர்த்து ஓடிக்கொண்டிருந்த கால்கள் அரை மணி நேரம் சும்மா நின்றால் தசை இறுகிப்போகும். அதனால் திரும்ப ஆடுவதற்கு முன் இரு அணியும் மறுபடி உடம்பைச் சூடேற்ற வேண்டியிருக்கும். தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்கு இது இரட்டைத் தண்டனை.

இதெல்லாம் கோல் கணக்குக்கு. ஆட்டக் கணக்குக்கு, அதாவது 100, 150, 200, 250, 300 ஆட்டங்களுக்கு, யாரும் உள்ளே ஓட மாட்டார்கள். அந்தக் கொண்டாட்டம் முன்கூட்டியே காகிதத்தில் நடக்கும். கோலுக்குப் பின்னால் உட்காரும் ‘சியர் ஸ்குவாட்’ என்ற தொண்டர் குழுதான் அதற்குப் பொறுப்பு. வாரநாள் மாலையில் ஒரு கூடத்தில் கூடுவார்கள். கிளப் நிறத்தில் க்ரேப் பேப்பர் சுருள்களைத் தரையில் நீளமாக விரித்து, ஓரத்தோடு ஓரம் ஒட்டி ஒரே விரிப்பாக்குவார்கள். எழுத்துகளைத் தனியாக வெட்டி மேலே ஒட்டுவார்கள். எல்லாவற்றையும் சுருட்டி மைதானத்துக்குக் கொண்டுபோய், இரு பக்கமும் கழி கோத்து, கயிறு பிடித்து, இரண்டு மாடி உயரத்துக்கு நிமிர்த்துவார்கள். வீரர்கள் அதைக் கிழித்துக்கொண்டு ஓடி வருவார்கள். வாரம் முழுக்கச் செய்த வேலை சில விநாடிகளில் கந்தல். சாதனை வீரர்தான் முதலில், பெரும்பாலும் தன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு.

இந்தப் பேனரில்தான் நுணுக்கம் எல்லாம். டேப் குறைந்தால் காற்று கிழித்துவிடும், வீரர்கள் வருவதற்குள் பாதி பறந்திருக்கும். டேப் அதிகமானால் நடுவில் கிழியாது, முன்னால் வருகிறவர் மாட்டிக்கொண்டு விழுவார். அதனால் ஓரங்களையும் மேல் பகுதியையும் இறுக்கமாக ஒட்டி, ஆள் புகும் நடுப் பகுதியை லேசாக விட வேண்டும். குழந்தை வருகிறது என்றால் நடுவில் முன்பே ஒரு கீறல் போட்டுவைப்பது புத்திசாலித்தனம். மழை இன்னொரு எதிரி: நனைந்த க்ரேப் பேப்பர் சாயம் விடும், கனத்துத் தொங்கும், நிமிர்த்தும்போதே அறுந்துவிடும். காற்று பலமாக இருந்தால் கழி பிடிப்பவர்கள் இருபுறமும் ஒரே நேரத்தில் ஏற்ற வேண்டும்; ஒரு பக்கம் முந்தினால் குறுக்கே கிழியும். எழுத்துப்பிழையை ஒட்டுவதற்கு முன் ஒருவர் உரக்கப் படித்துச் சரிபார்ப்பதும் நல்லது. தொலைக்காட்சியில் வந்த பிறகு திருத்த வழியில்லை. மிச்சமான காகிதத்தைக் கீற்றாக வெட்டிக் குச்சியில் கட்டினால் ‘ஃப்ளாகர்’. கோல் விழும்போதெல்லாம் தூக்கி ஆட்டும் பெரிய குஞ்சம் அது.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு சக வீரர்கள் சாதனை வீரரைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள், மற்றவர்கள் இருபுறமும் வரிசையாக நின்று கைதட்டுவார்கள். எதிரணியும் நின்று தட்டுவது மரியாதை. ஃபிராங்க்ளினுக்குக் கடைசி ஆட்டம் என்று அறிவித்து இப்படிச் செய்ய முடியவில்லை. 2023 ஜூலை இறுதியில் எஸென்டன் ஆட்டத்தில் கெண்டைக்கால் தசை காயம்பட்டது, இரண்டே நாளில் ஓய்வை அறிவித்துவிட்டார். அந்த வகையில் 2022 மார்ச் இரவுதான் சிட்னி ரசிகர்கள் அவருக்குக் கொடுத்த உண்மையான விடைவிழா என்பேன். 580 கோல்களையும் 2008, 2013 கோப்பைகளையும் பார்த்த ஹாதார்ன் ரசிகர்களுக்கு 2008-இன் அந்த நூறாவது கோல்.

நீங்கள் அங்கே போய் ஒரு சாதனை ஆட்டம் பார்க்க நினைத்தால் இருக்கை விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். கால்பகுதிக்குக் கால்பகுதி முனை மாறும். டாஸ் ஜெயிக்கும் கேப்டன்தான் முதல் முனையைத் தேர்வார், ஆகவே கடைசிக் கால்பகுதியில் உங்கள் ஆள் எந்தப் பக்கம் உதைப்பார் என்று டிக்கெட் வாங்கும்போது தெரியாது. கோலுக்குப் பின்னால் வாங்கினால் பாதி ஆட்டம் அடுத்த முனையில் நடக்கும், வாய்த்தால் ஜாக்பாட். பக்கவாட்டில் வாங்கினால் எல்லாம் தெரியும், எதுவும் பக்கத்தில் இருக்காது. புல்லில் கால் வைத்துப் பார்க்க ஆசை என்றால் 1000-ஆவது கோலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சில ஆட்டங்கள் முடிந்ததும் ரசிகர்களை உள்ளே விட்டுப் பந்தை உதைத்து விளையாட அனுமதிப்பார்கள், ‘கிக் டு கிக்’ என்று பெயர். எந்த ஆட்டத்துக்கு உண்டு என்பதைக் கிளப் முன்கூட்டியே சொல்லும். பந்து மட்டும் நீங்கள் கொண்டுபோக வேண்டும்.