தூங்காதவர்கள்

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஏழு வருடமாக மென்பொருள் வேலை. மாதம் ஒரு சனி, ஞாயிறு கம்பெனியில் ஹேக்கத்தான், அதாவது ராப்பகலாக நிரல் எழுதும் போட்டி. கட்டாயமில்லை என்பார்கள், வராவிட்டால் அப்ரைசலில் தெரியும். பீட்சா, டீ-ஷர்ட் உண்டு. ‘அந்தக் காலத்து ஹேக்கர்கள் தூங்கவே இல்லை, நீங்கள் எட்டு மணி நேரக் கணக்குப் பேசுகிறீர்கள்’ என்கிறார் மேனேஜர். எனக்கு ஆர்வம் போய்விட்டதா? அப்பாவின் பால் கணக்குக்காக எழுதத் தொடங்கிய சின்ன நிரல்கூடப் பாதியில் கிடக்கிறது. ஏஐ வந்தபின் இந்த வேலையாவது இருக்குமா?

எஸ்.

அன்புள்ள தம்பி,

ஏஐயை விடுங்கள். அதற்கு ஜோசியம் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. உங்கள் மேனேஜர் சொன்னதுதான் இரண்டு நாளாக என்னை அரிக்கிறது.

ஹேக்கர்கள் ஏன் தூங்கவில்லை? திருடர்களைச் சொல்லவில்லை, ஆசைக்காகக் கம்ப்யூட்டரைக் குடைந்தவர்களைச் சொல்கிறேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஒரு பொம்மை ரயில் சங்கம் இருந்தது. மேஜைக்கு மேலே குட்டி ரயில் செய்து வண்ணம் அடிப்பவர்கள் ஒரு கட்சி. கீழே படுத்துக்கொண்டு டெலிபோன் ரிலேக்களுக்கு ஒயர் இழுப்பவர்கள் இன்னொரு கட்சி. ‘ஹேக்’ என்ற பேச்சு இந்தச் சங்கத்திலிருந்துதான் கம்ப்யூட்டருக்குப் போனது. 1958ல் டிஎக்ஸ்-0 என்ற கம்ப்யூட்டர் எம்.ஐ.டி.க்கு வந்தது. பகலெல்லாம் அதை ஆராய்ச்சிக்காரர்கள் பதிவு செய்து வைத்திருப்பார்கள். ராத்திரியில் பதிவு செய்த ஆள் வராமல் போனால் அந்த நேரம் இந்தப் பையன்களுக்கு. அதற்காகத்தான் விழித்திருந்தார்கள். அழைத்தவர் இல்லை, வருகைப் பதிவேடும் இல்லை. 1962ல் பிடிபி-1 என்ற கம்ப்யூட்டரில் ஓடிய ஸ்பேஸ்வார் விளையாட்டைக்கூட அவர்கள் விற்கவில்லை, சும்மாதான் கொடுத்தார்கள்.

இதில் தூங்காததை மட்டும் பிடித்துக்கொண்டார் உங்கள் மேனேஜர்.

1991ல் எங்கள் கல்லூரி கம்ப்யூட்டர் அறைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஆறு மணிக்கு மேல் லேப் அண்ணன் எங்கள் மூன்று பேரை உள்ளே விட்டு, வெளியே பூட்டிவிட்டு டீ குடிக்கப் போவார். செருப்பையும் உள்ளே எடுத்துக்கொள்ளச் சொல்வார். வெளியே கிடந்தால் எச்.ஓ.டி. கண்ணில் பட்டுவிடும். பாஸ்கல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஆடுபுலி ஆட்டம் எழுதினேன். என் புலி கடைசிவரை ஆட்டைத் தாண்டிக்கொண்டு போய்ப் பலகைக்கு வெளியே நின்றது. அதே நான் வேலைக்குச் சேர்ந்தபின் ஐந்தரைக்கெல்லாம் பையைத் தூக்கிவிடுவேன். சோம்பேறி என்றார்கள், நானும் நம்பினேன். பஸ்ஸில் போகும்போது அந்தப் புலியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு போவேன் என்பது அப்போது எனக்கே உறைக்கவில்லை.

உங்கள்மேல் எனக்குக் கோபம் ஒன்று உண்டு. பால் கணக்கை ஏன் ‘சின்ன நிரல்கூட’ என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி எழுதுகிறீர்கள்? கடிதத்தில் உருப்படியான விஷயமே அதுதான். இருக்கிற இரண்டு நாளையும் பீட்சாவுக்குக் கொடுத்துவிட்டு ஆர்வம் எங்கே என்று தேடினால் எப்படி? டீ-ஷர்ட் எத்தனை சேர்ந்திருக்கிறது?

ஹேக்கத்தானுக்குப் போவதா வேண்டாமா என்பதை உங்கள் இஎம்ஐயிடம் கேளுங்கள். எனக்கு வேறொன்று தெரிய வேண்டும். கொழுப்பையும், கொழுப்பு போக மிச்சமிருக்கும் திடப்பொருளான எஸ்.என்.எஃப்.பையும் பார்த்துத்தானே சொசைட்டியில் பாலுக்கு விலை போடுவார்கள், காலைக்கும் மாலைக்கும் மாறுமே, அதை எப்படி எழுதியிருக்கிறீர்கள்? பாதியானாலும் பரவாயில்லை, அனுப்புங்கள்.