பனியில் அடைபட்டோம், பைப் உடைந்தது: வாடகையை நிறுத்தலாமா?

கேள்வி: டல்லாஸ் பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் வாடகைக்கு இருக்கிறோம். பனிப்புயலில் நான்கு நாள் வெளியே காலெடுத்து வைக்க முடியவில்லை. இரண்டாம் நாள் கரண்ட் போனது. மூன்றாம் நாள் ராத்திரி ஹால் சீலிங்குக்கு மேலே பைப் உடைந்து வீடெல்லாம் தண்ணீர். ஆறு தடவை போன் செய்தும் ஆள் வரவில்லை. ‘இது கடவுள் செயல், நாங்கள் பொறுப்பில்லை’ என்கிறார் மேனேஜர். படிக்கட்டில் உறைந்திருந்த பனிக்கட்டியில் வழுக்கி என் மனைவிக்கு மணிக்கட்டு உடைந்துவிட்டது. ஆபீஸ் திங்கள், செவ்வாய் மூடியிருந்தது. புதன், வியாழன் திறந்திருந்தும் நான் போக முடியவில்லை. நான்கு நாள் சம்பளத்தையும் பிடித்துவிட்டார்கள். எச்-1பி விசாவில் இருக்கிறேன், மாதச் சம்பளம். இந்த மாத வாடகையை நிறுத்திவைக்கலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். வாடகையை முழுசாகக் கட்டி, கட்டியதற்கான அத்தாட்சியைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் டெக்சாஸில் வீட்டைச் சரிசெய்து கொடு என்று சட்டப்படி கேட்கும் உரிமை, நோட்டீஸ் கொடுக்கும் அன்றைக்கு வாடகை பாக்கி இல்லாதவருக்குத்தான் உண்டு. நிறுத்தினால் அந்த உரிமை போய்விடும், வீட்டைக் காலி செய்யச் சொல்லி அவர்கள் கோர்ட்டுக்கும் போகலாம். நல்ல கேஸைக் கையில் வைத்துக்கொண்டு இந்த ஒரு காரியத்தால் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

அடுத்து அந்தக் கடவுள் செயல். பனி பெய்ததற்கு யாரும் பொறுப்பில்லை, சரி. ஆனால் பனி உருகி ரோடெல்லாம் காய்ந்த பிறகும் ஊறிப்போன சீலிங்கை அப்படியே விட்டுவைத்திருப்பது கடவுள் செய்ததில்லை. டெக்சாஸ் சொத்துச் சட்டத்தின் 92.056 பிரிவுப்படி, சாதாரணமாக ஒருவர் குடியிருக்கும்போது அவர் உடல்நலத்தையோ பாதுகாப்பையோ பெரிதாகப் பாதிக்கும் கோளாறு இருந்தால், உரிமையாளர் நியாயமான காலத்துக்குள் அதைச் சரிசெய்ய முயற்சி எடுத்தே ஆகவேண்டும். நோட்டீஸ் கைக்குக் கிடைத்ததிலிருந்து 7 நாள் நியாயமான காலம் என்று சட்டமே வைத்துக்கொள்கிறது. சூழ்நிலையைப் பொறுத்து அது கூடலாம், குறையலாம். புயலுக்குப் பிறகு ஊரே பிளம்பருக்காகக் காத்திருந்தது என்று அவர்கள் சொன்னால் நீதிபதி அதையும் காதில் வாங்குவார்.

ஆனால் அந்த 7 நாள் இன்னும் ஆரம்பிக்கவே இல்லாமல் இருக்கலாம், உங்கள் கேஸில் எனக்குப் பெரிய கவலை அதுதான். முதல் தடவை போனில் சொல்லியிருந்தால், நியாயமான காலம் கழித்து எழுத்தில் இன்னொரு தடவை சொல்லியாக வேண்டும். எழுத்தில்தான் சொல்லவேண்டும் என்று லீஸிலேயே, அதாவது வாடகை ஒப்பந்தத்திலேயே, போட்டிருந்தால், அந்த ஆறு போனும் கணக்கில் வராது. சர்டிஃபைடு மெயிலில் (நம்மூர் பதிவுத் தபால் மாதிரி), பெற்றுக்கொண்டவர் கையெழுத்திடும் ரிட்டர்ன் ரசீது கேட்டு அனுப்பினால் ஒரே கடிதம் போதும். வழக்கமாக வாடகை கட்டும் முகவரிக்கு அனுப்புங்கள். ‘இன்ன தேதி ராத்திரி இன்ன மணிக்கு ஹால் சீலிங்கில் பைப் உடைந்தது. சீலிங் போர்டு ஊறித் தொங்குகிறது. கார்ப்பெட்டை மிதித்தால் தண்ணீர் வருகிறது. இது எங்கள் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் கேடு. சரிசெய்து கொடுங்கள்.’ இவ்வளவு எழுதினால் போதும், கோபத்தை அதில் கொட்டவேண்டாம். ஒரு நகலும் போட்டோக்களும் உங்களிடம் இருக்கட்டும்.

இரண்டு இடத்தில் உங்களை மடக்கப் பார்ப்பார்கள். ஒன்று, இன்சூரன்ஸ். சேதத்துக்கு உரிமையாளர் இன்சூரன்ஸில் கேட்டிருந்தால், பணம் அவர் கைக்கு வந்த பிறகுதான் ரிப்பேருக்கான காலம் ஓடத் தொடங்கும் என்று 92.054 பிரிவைக் காட்டலாம். உண்மையிலேயே கிளெய்ம் போட்டிருக்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். இன்னொன்று, லீஸ். டெக்சாஸ் அபார்ட்மெண்ட் லீஸ்கள் பலவற்றில், உறைபனி நாட்களில் வீட்டுக்குள் குறைந்தது 50 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு இருக்கவேண்டும், குழாய்களைச் சொட்டவிட வேண்டும், சிங்க்குக்குக் கீழே உள்ள கதவுகளைத் திறந்துவைக்க வேண்டும் என்று ஒரு பத்தி இருக்கும். அதைச் செய்யவில்லை, ஆகவே தப்பு உங்களுடையது என்பார்கள். கரண்டே இல்லாதபோது வீட்டை எப்படிச் சூடாக்குவது? கரண்ட் போன நேரத்துக்கு மின் கம்பெனி அனுப்பிய மெசேஜ் இருந்தால் அழிக்காதீர்கள். குழாய் சொட்டுகிற மாதிரி, கெட்டில் வைத்துப் பிடித்த மாதிரி, அந்த நாட்களில் ஊருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் வீடியோ ஏதாவது கிடக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள்.

வீடு குடியிருக்கவே லாயக்கில்லை, சேதத்துக்கு நீங்களும் காரணமில்லை என்றால், அதே 92.054 பிரிவில் ரிப்பேர் முடிவதற்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து லீஸை முடித்துக்கொள்ளலாம். காலி செய்த நாளிலிருந்து மிச்ச வாடகையும், முறைப்படி வரவேண்டிய டெபாசிட்டும் திரும்ப வரும். ஹால் மட்டும்தான் போச்சு, படுக்கையறை நன்றாக இருக்கிறது என்றால் கொஞ்சம் சிக்கல். வாடகைக் குறைப்புக்கு கவுண்டி கோர்ட் அல்லது டிஸ்டிரிக்ட் கோர்ட் தீர்ப்பு வேண்டும், அதனால் மேனேஜரிடம் பேசி எழுத்தில் ஒப்புக்கொள்ள வைப்பதே நல்லது.

நனைந்த சாமான்கள் உங்கள் ரென்டர்ஸ் இன்சூரன்ஸில் (குடியிருப்பவர் தன் சாமான்களுக்கு எடுக்கும் பாலிசி) வரும். உரிமையாளருடைய பாலிசி கட்டடத்துக்குத்தான், உங்கள் லேப்டாப்புக்கு இல்லை. உங்கள் பாலிசியில் வெளியே தங்கும் செலவும் இருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் போனதற்கு, டெக்சாஸ் மின் கட்டமைப்பை நடத்தும் எர்காட் (ERCOT) அமைப்பின் மேல் வழக்குப் போடலாம் என்று யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள். அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று 2023ல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சம்பளத்தில் உங்கள் பக்கம் பாதி நியாயம் நிச்சயம். ஓவர்டைம் இல்லாத மாதச் சம்பளக்காரர் நீங்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஆபீஸை அவர்களே மூடிய திங்கள், செவ்வாய்க்குச் சம்பளம் பிடிக்கக்கூடாது. அந்த நாட்களை உங்கள் லீவில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் லீவே பாக்கி இல்லையென்றாலும் சம்பளம் தந்தாக வேண்டும். எச்-1பி விதியும் இதையே சொல்கிறது, கம்பெனி தன் முடிவால் வேலை தராமல் இருந்தால் சம்பளத்தை நிறுத்த முடியாது. புதன், வியாழன் வேறு கதை. ஆபீஸ் திறந்திருக்கிறது, நீங்கள் போகவில்லை, முழு நாள் பிடித்தம் செல்லும். ஆனால் அந்த இரண்டு நாளில் ஏதாவது ஒரு நாள் காரில் உட்கார்ந்து போனைச் சார்ஜ் போட்டுக்கொண்டே ஆபீஸ் மெயில் பார்த்துப் பதில் எழுதினீர்களா? அப்படியென்றால் அன்றைக்கு முழுச் சம்பளம் உண்டு. மெயில் நேரங்களோடு ஹெச்ஆருக்கு எழுதுங்கள்.

உங்கள் மனைவியின் கை சீக்கிரம் கூடட்டும். இந்த விஷயத்தில் ஆறுதலாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. இயற்கையாகப் பெய்து உறைந்த பனிக்கட்டிக்கு இட உரிமையாளர் பொறுப்பில்லை என்று 2010ல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் படிக்கட்டில் உறைந்தது வானத்திலிருந்து வந்ததா, பக்கத்துச் சுவரில் கசிந்த பைப்பிலிருந்து வந்ததா? கசிவு என்றால், அது மேனேஜருக்கு முன்பே தெரியும் என்றால், கேஸ் இருக்கிறது. வழக்குப் போட 2 வருஷம் உண்டு, ஆனால் பனிக்கட்டி ஏற்கனவே உருகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் போனில் அன்றைக்கு எடுத்த படம் இருந்தால் இன்றைக்கே வாங்கி வையுங்கள்.

கடிதத்தை நாளைக்கே போடுங்கள். அந்த ரிட்டர்ன் ரசீது, ஒரு பச்சை நிறத் தபால் அட்டை, கையெழுத்தோடு திரும்பி வரும், அதிலுள்ள தேதியிலிருந்து 7 நாள் எண்ணுங்கள். அதற்குள் வேலை தொடங்கவில்லை, சரியான காரணமும் இல்லை என்றால், லீஸ், போட்டோக்கள், அந்த அட்டை மூன்றையும் எடுத்துக்கொண்டு சிறிய வழக்குகளைக் கேட்கும் உங்கள் பகுதி ஜஸ்டிஸ் கோர்ட்டுக்குப் போங்கள். 20,000 டாலர் வரை அங்கேயே கேட்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. ரிப்பேர் செய்யச் சொல்லி உத்தரவும், நஷ்டமும், அதற்கு மேல் ஒரு மாத வாடகையும் 500 டாலரும் அபராதமாகக் கேட்கலாம். புகார் செய்த கோபத்தில் 6 மாதத்துக்குள் வாடகையை ஏற்றினாலோ வெளியேறச் சொன்னாலோ உடனே எனக்கு எழுதுங்கள், பழிவாங்கல் என்று அதற்கும் தனியாக வழக்கு உண்டு.