மருத்துவர் பதில்: குளிசையை விட்டுவிட்டுக் கஞ்சா மட்டும் போதுமா?

கேள்வி: நாங்கள் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறோம். என் தம்பிக்கு வயது 26. பைபோலார் நோய்க்கு (மனநிலை அளவுமீறி ஏறி இறங்கும் நோய்) வால்ப்ரோயேட் 1000 மி.கி., ஓலன்சபின் 10 மி.கி. எடுத்து வருகிறான். ஒன்லைன் கிளினிக் ஒன்றில் மருத்துவக் கஞ்சாவுக்கு நாளுக்கு 2 கிராம் என்று எழுதி வாங்கி, எட்டு மாதமாகப் பற்றுகிறான். "இதைப் பத்தினாத்தான் நித்திரை வருது, குளிசை வேலை செய்யேல்லை" என்கிறான். இப்போது கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சி.பி.டி. எண்ணெயும் வாங்கி வைத்திருக்கிறான். குளிசையை நிறுத்தலாமா? டிசம்பரில் யாழ்ப்பாணம் போகிறோம், கொண்டுபோகலாமா?

பதில்: குளிசையை நிறுத்தக் கூடாது. வால்ப்ரோயேட்டையும் ஓலன்சபினையும் திடீரென்று விட்டால் மேனியா, அதாவது மனநிலை அளவுமீறி எழும்புகிற கட்டம், திரும்பி வரும் அபாயம் மிக அதிகம். கஞ்சா அந்த இடத்தை நிரப்பாது.

ஆனால் உங்கள் தம்பி பொய் சொல்லவில்லை. அவர் சொல்கிற இரண்டுமே அவருக்கு உண்மையாகவே நடக்கின்றன. அவை ஏன் நடக்கின்றன என்பதைத்தான் அவர் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்.

முதலில் நித்திரை. தினமும் பற்றுகிற ஒருவர் ஒரு நாள் விட்டால், ஒன்றிரண்டு நாளுக்குள் நித்திரையின்மை, எரிச்சல், பதற்றம், வியர்வை, பசியின்மை, பயங்கரக் கனவுகள் எல்லாம் தொடங்கும். முதல் கிழமையில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் இரண்டு கிழமையில் தணியும். நித்திரைக் குழப்பம் மட்டும் ஒரு மாதம் வரை இழுக்கலாம். இது கஞ்சாவை நிறுத்துவதால் வருவது. ஆனால் பைபோலார் உள்ளவருக்கு இது நோய் திரும்பியதைப் போலவே தெரியும். மறுபடி பற்றியதும் அடங்கிவிடும். உடனே "இதுதான் என் மருந்து" என்ற நம்பிக்கை இறுகிவிடும்.

அடுத்தது "குளிசை வேலை செய்யேல்லை." ஓலன்சபினை உடைக்கிற ஈரல் நொதிகளில் முக்கியமான ஒன்றை, எரியும் இலையின் புகை தூண்டிவிடும். புகையிலைப் புகையில் இது நன்றாகத் தெரிந்த விஷயம், கஞ்சாப் புகையிலும் அதே வகை இரசாயனங்கள் உண்டு. அதனால் 10 மி.கி. விழுங்கினாலும் இரத்தத்தில் நிற்கிற மருந்து குறையலாம். மருந்தைத் தேய்ப்பது புகை, பழி குளிசைக்கு. அவர் கஞ்சாவோடு புகையிலையும் கலக்கிறாரா என்று கேளுங்கள். கலந்தால் இந்தச் சிக்கல் இன்னும் கூடும்.

பெட்டியின் லேபிளை ஒரு தடவை பாருங்கள். மொத்த டி.எச்.சி. (கஞ்சாவில் போதை தரும் பொருள்) ஒரு கிராமுக்கு 220 மி.கி. என்று இருந்தால், அது 22 சதவீதம். கால் கிராம் ஜொயின்ற் ஒன்றில் 55 மி.கி. எரிகிறது. அதில் ஒரு பகுதிதான் உடலுக்குள் போகும் என்றாலும் அது சின்ன அளவு இல்லை. 2017 இல் வெளிவந்த சிக்காகோ ஆய்வு ஒன்றில் 7.5 மி.கி. டி.எச்.சி. மன அழுத்தத்தைத் தணித்தது, 12.5 மி.கி. அதைக் கூட்டியது. 2019 இல் லான்செற் சைக்கியாற்றியில் வந்த பல நாட்டு ஆய்வில், 10 சதவீதமோ அதற்கு மேலோ டி.எச்.சி. உள்ள கஞ்சாவைத் தினமும் பாவித்தவர்களிடம், ஒருபோதும் பாவிக்காதவர்களை விட, உளப்பிறழ்வு (இல்லாததைக் கேட்பது, நம்புவது போன்ற நிலை) வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. உளநோய் வரலாறு உள்ளவர்களுக்குக் கஞ்சா கொடுக்க வேண்டாம் என்று ஹெல்த் கனடா மருத்துவர்களுக்கான தன் தகவல் ஏட்டிலேயே எச்சரிக்கிறது. காய்ந்த கஞ்சா அங்கீகரிக்கப்பட்ட மருந்தும் அல்ல. உங்கள் தம்பியிடம் இருப்பது மருந்துச் சீட்டு இல்லை, வாங்குவதற்கான அனுமதி ஆவணம். அதை எழுதியவருக்கு இந்த நோயும் இந்த இரண்டு குளிசைகளும் தெரியுமா என்று கட்டாயம் கேளுங்கள்.

சி.பி.டி. எண்ணெய் போதை தராது, ஆனால் பைபோலாருக்கு அது உதவும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. உங்கள் வீட்டில் அதற்கு ஒரு தனி ஆபத்தும் இருக்கிறது. வலிப்புக்காக அதை உயர்ந்த அளவில், அதாவது ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 10 முதல் 20 மி.கி. வரை, கொடுத்தபோது வால்ப்ரோயேட்டும் எடுத்தவர்களிடம் ஈரல் நொதிகள் ஏறின. அளவு குறைந்தால் ஆபத்தும் குறையும், ஆனாலும் மருத்துவருக்குத் தெரியாமல் தொடங்க வேண்டாம். தொடங்கியிருந்தால் ஈரல் நொதிகளைப் பார்க்கும் ஏ.எல்.ரி., ஏ.எஸ்.ரி. இரத்தப் பரிசோதனை கேளுங்கள். இந்த எண்ணெய்கள் பலவற்றில் கொஞ்சம் டி.எச்.சி.யும் இருக்கும், லேபிளைப் பாருங்கள்.

இனிக் குறைப்பது. பெட்டியைப் பறித்து எறிய வேண்டாம். அவர் ஒளித்துப் பற்றுவார், திடீரென்று நிறுத்தினால் நித்திரை கெட்டு அதுவே மேனியாவைக் கிளப்பக்கூடும். மனநல மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். உண்மையில் நாளுக்கு எவ்வளவு போகிறது என்று 0.1 கிராம் காட்டுகிற சின்னத் தராசில் ஒரு கிழமை எடை போட்டுப் பாருங்கள். 2 கிராம் என்றால் கிழமைக்கு அரைக் கிராம் வீதம் குறைத்தால் நாலாவது கிழமையில் நிற்கும். காலையில் பற்றுவதை முதலில் விட வேண்டும், இரவில் பற்றுவது கடைசி. கஷ்டமாக இருந்தால் அந்தப் படியிலேயே இன்னும் ஒரு கிழமை நிற்கலாம். குளிசையின் அளவை அதே நேரத்தில் நீங்களாக மாற்றாதீர்கள். புகை குறையக் குறைய இரத்தத்தில் ஓலன்சபின் ஏறலாம். பகலில் தூங்கி விழுவது, எழும்பும்போது தலைசுற்றுவது தெரிந்தால் மருத்துவர் அளவைக் குறைப்பார். பதிலுக்கு கஞ்சா கலந்த கம்மி (gummy) மிட்டாய்க்கு மாறுவதில் பயனில்லை: புகை இல்லையே தவிர டி.எச்.சி. அதேதான். பிடிக்க இரண்டு மணி நேரமாகலாம் என்பதால் பொறுமையிழந்து இன்னொன்றும் போடுவார்கள்.

ஒவ்வொரு நாளும் நித்திரை நேரத்தை எழுதி வையுங்கள். அது மிகவும் பயன்படும் குறிப்பு. கஞ்சாவை விட்டதால் நித்திரை போனவர் களைத்து, எரிந்து விழுவார். மூன்று மணி நேரமே நித்திரை கொண்டும் களைப்பே இல்லாமல், பேச்சு வேகமாகி, காசை அள்ளி இறைத்தால் அது மேனியா. அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவருக்கு அழையுங்கள். தற்கொலை எண்ணம் வந்தால் 988, இப்போதே ஆபத்து என்றால் 911.

டிசம்பர் பயணத்தில் கஞ்சா கூடாது, எண்ணெயும் கூடாது. அனுமதி ஆவணம் இருந்தாலும் கனடாவின் எல்லையைக் கடத்திக் கொண்டுபோவதும் திரும்பக் கொண்டுவருவதும் குற்றம், இலங்கையிலும் அது சட்டவிரோதம். எனவே குறைப்பதை செப்டம்பரிலேயே தொடங்கினால் நவம்பருக்குள் நித்திரை சீராக நேரம் கிடைக்கும். குளிசைகளை மட்டும் மருந்துக் கடைப் பெட்டியோடும் மருத்துவரின் கடிதத்தோடும் கைப்பையில் வையுங்கள், தங்கும் நாட்களை விட இரண்டு கிழமைக்குக் கூடுதலாக.