பிரவுசர் டெஸ்ட் ஏன் விழுகிறது? கேட்டவர்களுக்கு அக்காவின் பதில்கள்

இணையதளத்தைப் பிரவுசரில் தானாகத் திறந்து, அழுத்திச் சரிபார்க்கும் ஸ்கிரிப்ட்தான் பிரவுசர் டெஸ்ட். மொரீஷியஸின் எபெனிலும் போர்ட் லூயிஸிலும் டெஸ்டிங் வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, செலினியத்தில் (பிரவுசரைத் தானாக இயக்கும் கருவி) நான் எழுதிய டெஸ்ட் லேப்டாப்பில் எப்போதும் பாஸ். சர்வரில் மட்டும் மூன்று தடவைக்கு ஒரு தடவை விழுகிறது. ஐந்து விநாடி ஸ்லீப் (சும்மா காத்திருக்கும் கட்டளை) போட்டதும் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. பத்தாக்கலாமா? (ரோஸ் ஹில்)

வேண்டாம் தங்கை. ஸ்லீப் என்பது வெறும் ஊகம். சர்வர் மெதுவாக இருக்கும் நாளில் பத்தும் போதாது, வேகமாக இருக்கும் நாளில் ஒன்பது விநாடி வீண். பக்கம் வந்துவிட்டது என்று பிரவுசர் சொன்ன பிறகும் ஜாவாஸ்கிரிப்ட் பட்டன்களை வரைந்துகொண்டிருக்கும். அதனால் நேரத்துக்குக் காத்திருக்காதே, நிலைக்குக் காத்திரு. "இந்தப் பட்டன் அழுத்தும் நிலைக்கு வரும்வரை, அதிகபட்சம் 15 விநாடி" என்று செலினியத்தின் வெப்டிரைவர் வெயிட் கட்டளையில் எழுது. அது அரை விநாடிக்கு ஒரு தடவை பார்க்கும், பட்டன் தயாரானதும் நகர்ந்துவிடும்.

இன்னொன்று. இம்ப்ளிசிட் வெயிட்டையும் (எல்லாத் தேடலுக்கும் பொதுவாக வைப்பது) எக்ஸ்ப்ளிசிட் வெயிட்டையும் (மேலே சொன்னது போல ஒரு நிலைக்கு வைப்பது) கலக்காதே. 10 விநாடி அதுவும் 15 விநாடி இதுவும் வைத்தால் 20 விநாடி கழித்துத்தான் கைவிடக்கூடும் என்று செலினியம் ஆவணமே எச்சரிக்கிறது.

இதற்கும் அடங்காவிட்டால், விழும் கணத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல். ஹெட்லெஸ் பிரவுசரில் (திரையில் தெரியாமல் ஓடுவது) ஜன்னல் அளவைச் சொல்லாவிட்டால் சிறியதாகத் திறக்கும். 800க்கு 600 அதன் பழைய வழக்கம். அந்த அகலத்தில் மெனு மொபைல் மெனுவாக மடங்கிவிடும், நீ தேடும் பட்டன் உள்ளே ஒளிந்திருக்கும். 1920க்கு 1080 என்று வைத்துப் பார்.

நேற்றுவரை ஓடியது, இன்று காலை "செஷன் உருவாக்க முடியவில்லை" என்கிறது. நான் எதையும் தொடவில்லை.

நீங்கள் தொடவில்லை, குரோம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. செலினியத்தின் கட்டளையைக் குரோமுக்குக் கொண்டுசெல்லும் டிரைவர் பழைய பதிப்பிலேயே நிற்கிறது. செலினியம் 4.6 முதல் பொருத்தமான டிரைவரை அதுவே தேடி எடுக்கும். ஸ்கிரிப்டில் கையால் எழுதிய பழைய டிரைவர் பாதையை நீக்கிவிடுங்கள். சர்வரில் "குரோம் ஃபார் டெஸ்டிங்" பதிப்பைப் போட்டால் தானாக மாறாது.

"ஸ்டேல் எலிமெண்ட்" என்றால் என்ன?

நீங்கள் பிடித்து வைத்த எலிமெண்ட்டை (பட்டன், பெட்டி போன்ற பக்கத்தின் உறுப்பு) பக்கம் தூக்கி எறிந்து, அதே இடத்தில் புதிதாக ஒன்றை வரைந்துவிட்டது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். முன்கூட்டியே பிடித்து வைக்காமல், அழுத்தப் போகும்போது தேடுங்கள்.

இரவு 1 மணிக்கு ஓடும் டெஸ்ட் மட்டும் தேதியில் விழுகிறது. காலையில் அதையே ஓட்டினால் பாஸ். (எபென்)

இதில் நான் இரண்டு வாரம் தொலைத்திருக்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன். மொரீஷியஸ் நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தைவிட 4 மணி முன்னால். கிளவுட் இயந்திரங்கள் பெரும்பாலும் யூடிசியில் ஓடும். ஆக நமக்கு நள்ளிரவு 12 முதல் விடிகாலை 4 வரை, அங்கே இன்னும் நேற்றுதான். தளம் நம் தேதியைக் காட்ட, ஸ்கிரிப்ட் நேற்றைய தேதியை எதிர்பார்க்கிறது.

செலினியம் போன்ற இன்னொரு கருவியான பிளேரைட்டில் நேர மண்டலத்தை "இந்தியன்/மொரீஷியஸ்" என்று கொடுக்கலாம். ஆனால் அது பிரவுசரின் கடிகாரத்தை மட்டுமே மாற்றும். எதிர்பார்க்கும் தேதியைக் கணக்கிடுவது உங்கள் ஸ்கிரிப்ட், அது இயந்திரத்தின் நேரத்தில் ஓடுகிறது. இரண்டு இடத்திலும் சரிசெய்யுங்கள். பழைய பதிவுகளைச் சோதிப்பவர்கள் கவனிக்க: 2008 அக்டோபர் முதல் 2009 மார்ச் வரை இங்கே கோடை நேரம் இருந்தது, அந்த மாதங்களில் வித்தியாசம் 5 மணி.

பிரெஞ்சுப் பக்கத்தில் விலை "1 500,00". நான் எதிர்பார்ப்பதும் அதேதான். ஆனாலும் பொருந்தவில்லை.

நடுவில் இருப்பது நீங்கள் தட்டும் இடைவெளி அல்ல. பிரெஞ்சு முறையில் பிரவுசர் எண்ணை அமைக்கும்போது ஆயிரத்துக்குப் பின் யூனிகோட் (எழுத்துகளுக்கு எண் தரும் உலகப் பொது முறை) 202எஃப் என்ற குறுகிய, உடையாத இடைவெளியை வைக்கும். ஒப்பிடும் முன் எல்லா வகை இடைவெளியையும் நீக்கி, எண்ணாக மாற்றி ஒப்பிடுங்கள்.

கோவில் சங்கத் தளத்துக்கு டெஸ்ட் எழுதுகிறேன். "காவடி கொடியேற்றம்" என்ற தலைப்பு திரையில் சரியாக இருக்கிறது, டெஸ்ட் இல்லை என்கிறது. தமிழை விட்டுவிட்டு ஆங்கிலப் பக்கத்தை மட்டும் சோதிக்கட்டுமா?

விட வேண்டாம் தம்பி. ரூபாய் நோட்டிலேயே தமிழ் எண் அச்சிடும் நாடு இது, நம் தளத்தில் தமிழ்ப் பக்கம் சோதிக்கப்படாமல் கிடக்கலாமா?

"கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒரு வழி. கொம்பு, கால் என்று இரண்டு குறிகளைத் தனித்தனியாகச் சேர்ப்பது மற்றது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டாவது வகை வரலாம். திரையில் வேறுபாடே தெரியாது. இரு பக்க உரையையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றி ஒப்பிடு, சரியாகிவிடும். பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் அதற்கு ஒரே வரி.

"கௌ" அப்படியில்லை. அதன் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் தட்டியிருந்தால் எந்த மாற்றமும் அதைச் சேர்க்காது. அது உண்மையான எழுத்துப்பிழை, தேடலிலும் அகப்படாது. டெஸ்ட்டை வளைக்காதே, தரவைத் திருத்தச் சொல்.

டாக்கரில் குரோம் பாதியிலேயே இறந்துவிடுகிறது.

நிரலைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கர், நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நினைவகத்துக்கு வழக்கமாக 64 எம்பிதான் தரும், குரோமுக்கு அது போதாது. கண்டெய்னரைத் தொடங்கும்போது 2 ஜிபி கொடுங்கள். அப்புறம் ஒவ்வொரு டெஸ்ட் முடிவிலும் "குளோஸ்" அல்ல, "குவிட்" அழையுங்கள். முன்னது ஜன்னலை மட்டும் மூடும், பின்னதுதான் டிரைவரையும் நிறுத்தும்.