தானாக ஓடிய கார்கள்: பழைய கேம்ரி வாங்கலாமா?

கேள்வி: என் மகன் டெக்சாஸில் எம்.எஸ். படிக்கிறான். படிப்பு முடித்து ஊர் திரும்பும் சீனியர் மாணவர் ஒருவர் தன்னுடைய 2008 டொயோட்டா கேம்ரியைக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறாராம். என் தம்பியோ, "அந்த வருஷத்து வண்டிகளில்தான் ஆக்சிலரேட்டர் மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு செத்தார்கள், வேண்டவே வேண்டாம்" என்கிறான். என்ன செய்யட்டும்? (வாசகர், மதுரை)

பதில்: வாங்கலாம். ஆனால் சிலவற்றைப் பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள். தம்பி சொல்வது கட்டுக்கதை இல்லை. 2009 ஆகஸ்ட் 28 அன்று கலிபோர்னியாவின் சான் டியேகோ அருகே நடந்தது அது. நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி ஒருவர் தன் வண்டியை சர்வீசுக்கு விட்டுவிட்டு, டீலர் தற்காலிகமாகக் கொடுத்த லெக்சஸ் இ.எஸ். 350 காரில் மனைவி, மகள், மைத்துனருடன் போனார். ஆக்சிலரேட்டர் மேலே எழும்பவில்லை. மைத்துனர் அவசர உதவி எண்ணுக்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே கார் மோதி நால்வரும் இறந்தார்கள். லெக்சஸும் டொயோட்டாவின் கார்தான்.

காரணம் என்ன தெரியுமா? கால் வைக்கும் இடத்தில் போடும் ரப்பர் மேட். வேறொரு லெக்சஸ் மாடலுக்கான தடித்த மேட்டை இந்தக் காரில் போட்டிருந்தார்கள், கொக்கியிலும் மாட்டவில்லை. அது நகர்ந்து ஆக்சிலரேட்டரைப் பிடித்துக்கொண்டது. இதில் மனதை உறுத்துவது இன்னொன்று. சில நாட்களுக்கு முன் இதே காரைத் தற்காலிகமாக எடுத்துப் போன இன்னொரு வாடிக்கையாளருக்கும் இதே கதி. அவர் எப்படியோ வண்டியை நிறுத்தி, மேட்டை விலக்கி, திருப்பிக் கொடுக்கும்போது வரவேற்பில் இருந்தவரிடம் சொல்லிவிட்டும் போயிருக்கிறார். வாய்ச் சொல்லாகச் சொன்னது அங்கேயே நின்றுவிட்டது.

அதற்கப்புறம் இரண்டு ரீகால்கள், அதாவது கோளாறைச் சரிசெய்து தர கம்பெனி விற்ற வண்டிகளைத் திரும்ப அழைப்பது, வந்தன. 2009 இலையுதிர் காலத்தில் மேட் பிரச்சினைக்காகச் சுமார் 38 லட்சம் வண்டிகள். 2010 ஜனவரியில், மிதித்த பெடல் மெதுவாகத் திரும்புகிறது, சில நேரம் பாதியில் நின்றுவிடுகிறது என்பதற்காகச் சுமார் 23 லட்சம் வண்டிகள். 2008 கேம்ரி இரண்டிலும் வரும். ஆனால் எல்லாக் கேம்ரியும் இரண்டாவதில் வராது. இண்டியானாவைச் சேர்ந்த சி.டி.எஸ். கம்பெனி செய்த பெடல் இருந்தவைதான் அதில் வந்தன. டென்சோ என்ற வேறு கம்பெனியின் பெடல் வைத்து ஜப்பானில் தயாரானவை வரவில்லை.

அதனால் உங்கள் மகன் முதலில் செய்ய வேண்டியது, வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணைக் கேட்டு வாங்கி, என்.எச்.டி.எஸ்.ஏ. என்கிற அமெரிக்க சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்ப்பது. செய்யாமல் விட்ட ரீகால் ஏதும் இருந்தால் அங்கே தெரியும். இருந்தால் டொயோட்டா டீலரிடம் காட்டி, காசில்லாமல் சரிசெய்து வாங்க வேண்டும். பழைய வண்டியை ரீகால் வேலை முடிக்காமலே விற்பதற்கு அமெரிக்க மத்திய சட்டத்தில் தடை கிடையாது என்பதை அவர் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். புது வண்டிக்குத் தடை உண்டு. அப்புறம் டிரைவர் பக்கத்து மேட்டைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வண்டிக்கு உரிய மேட்டா, கொக்கி இருக்கிறதா, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போட்டிருக்கிறார்களா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

உண்மையைச் சொன்னால் இந்த வண்டியில் எனக்குக் கவலை ஆக்சிலரேட்டர் பற்றி இல்லை, ஆயில் பற்றி. 2007 முதல் 2009 வரை வந்த கேம்ரியில் 2.4 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின் ஆயில் குடிக்கும் என்று பெயர் வாங்கியது. ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை இழுத்துப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

கேள்வி: டொயோட்டா கார்கள் தானாக ஓடி 89 பேர் இறந்தார்கள் என்று ஓரிடத்தில் படித்தேன். கார்களில் கோளாறே இல்லை, நாசாவே சொல்லிவிட்டது என்று இன்னோரிடத்தில். அப்படியானால் 120 கோடி டாலர் அபராதம் எதற்கு? எதைத்தான் நம்புவது? (வாசகி, டாலஸ்)

பதில்: மூன்றும் செய்திதான், மூன்றும் வேறு வேறு விஷயத்தைச் சொல்கின்றன. ஒன்றோடொன்று கலந்து படித்தால் தலைசுற்றும்.

89 என்பது 2010 மே மாதம் என்.எச்.டி.எஸ்.ஏ. வெளியிட்ட கணக்கு. 2000ஆம் ஆண்டு முதல் தங்களுக்கு வந்த 6,200க்கும் மேற்பட்ட புகார்களில் இத்தனை மரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன என்பதுதான் அதன் பொருள். யார் வேண்டுமானாலும் அந்த நிர்வாகத்திடம் புகார் எழுதலாம். எழுதியதை எல்லாம் விசாரித்து உறுதிசெய்துவிட்டு எண்ணுவதில்லை. சான் டியேகோ விபத்தும் ரீகாலும் தலைப்புச் செய்தி ஆனதும் புகார்கள் குவிந்தன. பல வருடம் முன்பு நடந்ததைக்கூட மக்கள் அப்போதுதான் எழுதினார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் செய்தி பரவும் வேகத்தையும் கோளாறு பரவும் வேகத்தையும் அந்த எண் பிரித்துக் காட்டாது.

அடுத்து நாசா. எலக்ட்ரானிக்ஸ்தான் காரணமா என்று கண்டுபிடிக்க அரசு நாசா பொறியாளர்களைக் கூப்பிட்டது. அவர்கள் 2,80,000 வரிகளுக்கு மேல் மென்பொருளைப் படித்தார்கள். 2011 பிப்ரவரியில் வந்த முடிவு: காரைத் தறிகெட்டு ஓடவைக்கும் எலக்ட்ரானிக் கோளாறு எதையும் காணவில்லை, தெரிந்த காரணங்கள் இரண்டு, மேட்டும் ஒட்டிக்கொள்ளும் பெடலும். இதை "கோளாறே இல்லை" என்று சுருக்கி எழுதியவர்கள் பாதியை விழுங்கிவிட்டார்கள். அதே சமயத்தில், விபத்தான வண்டிகளில் பிரேக் போன்றவற்றைக் குறித்துவைக்கும் பதிவுக் கருவிகளையும் திறந்து பார்த்தார்கள். பிரேக்கை அழுத்தினேன், நிற்கவில்லை என்று டிரைவர் சொன்ன பல வண்டிகளில், பிரேக் தொடப்படவே இல்லை என்றது பதிவு. பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்திருக்கிறார்கள். கார் பாய்ந்ததும் பதறி இன்னும் பலமாக மிதிக்கிறோம், இன்னும் பாய்கிறது. மிதித்தவருக்குக் கடைசி வரை தான் பிரேக்கில்தான் நின்றோம் என்றே தோன்றும்.

120 கோடி டாலர் அபராதம் 2014 மார்ச்சில். அது எலக்ட்ரானிக் கோளாறுக்காக இல்லை. மேட், பெடல் பற்றித் தெரிந்ததை மறைத்து, வாடிக்கையாளர்களிடம் தவறான தகவல் சொன்னதற்காக. கம்பெனி மறைத்தது உண்மை என்பதால் அதன் மேல் வந்த ஒவ்வொரு புகாரும் உண்மை ஆகிவிடாது. புகார் கொடுத்தவர்களில் பலர் பெடல் மாற்றி மிதித்தார்கள் என்பதால் கம்பெனி யோக்கியம் என்றும் ஆகாது. 2013 அக்டோபரில் ஓக்லஹோமாவில் 2005 கேம்ரி விபத்து வழக்கொன்றில், மென்பொருள் நிபுணர் ஒருவர் டொயோட்டாவின் நிரலில் உள்ள ஓட்டைகளை அடுக்க, ஜூரி கம்பெனிக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. ஆகவே அந்த வாதம் நாசாவோடு முடிந்துவிட்டது என்று சொல்பவர்களையும் முழுக்க நம்ப வேண்டாம்.

தொலைக்காட்சியை மட்டும் சந்தேகத்தோடே பாருங்கள். 1986 நவம்பரில் சி.பி.எஸ். சேனலின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி ஆடி 5000 கார் தானாகப் பாய்கிறது என்று காட்டியது. பெடல் தானாகக் கீழே இறங்கும் காட்சி வீட்டுக்கு வீடு போனது. அந்தக் காரின் டிரான்ஸ்மிஷனில் ஓட்டை போட்டு, அழுத்தக் காற்றைச் செலுத்தித்தான் பெடலை இறங்கவைத்தார்கள் என்று பின்னால் தெரியவந்தது. 1989இல் அரசு ஆய்வு, பெடல் மாற்றி மிதித்ததே பெரும்பாலும் காரணம் என்றது. அதற்குள் கதை முடிந்திருந்தது: 1985இல் அமெரிக்காவில் 74,000 கார் விற்ற ஆடி, 1991இல் விற்றது சுமார் 12,000. டொயோட்டா விவகாரத்திலும் 2010இல் ஏ.பி.சி. சேனல், நின்றுகொண்டிருந்த காரின் எஞ்சின் வேக முள் துள்ளுவதைப் படம் பிடித்து, ஓடும் காரின் காட்சிக்குள் செருகி மாட்டிக்கொண்டது.

ஆனாலும் செய்தி வந்ததால் ஒரு மனிதர் சிறையிலிருந்து வெளியே வந்தார். 2006இல் மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் 1996 கேம்ரி ஒன்று வேகமாக வந்து மோதியதில் மூன்று பேர் இறந்தனர். பிரேக்கை அழுத்திக்கொண்டேதான் இருந்தேன் என்று ஓட்டியவர் சொன்னதை யாரும் நம்பாமல் 8 வருடத் தண்டனை கொடுத்தார்கள். டொயோட்டா செய்திகள் வந்த பிறகு வழக்கை மறுபடி பார்த்து 2010 ஆகஸ்டில் விடுவித்தார்கள். 2015இல் ஒரு ஜூரி, அந்த விபத்தில் 60 சதவீதப் பொறுப்பு டொயோட்டாவுடையது என்றது.

கேள்வி: ஆக்சிலரேட்டர் மாட்டிக்கொண்டால் பிரேக் பிடித்தாலும் நிற்காது என்கிறார்களே? (வாசகர், சேலம்)

பதில்: நிற்கும். 'கார் அண்ட் டிரைவர்' பத்திரிகை 2009இல் வி6 கேம்ரியை மணிக்கு 70 மைல் வேகத்தில் ஓட்டி, ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தியபடியே பிரேக் பிடித்துப் பார்த்தது. வழக்கத்தைவிட 16 அடி மட்டும் கூடுதலாக ஓடி நின்றது.

விஷயம் எப்படி மிதிக்கிறோம் என்பதில்தான். ஒரே மிதி, பலங்கொண்ட மட்டும், விடாமல். விட்டு விட்டு மிதித்தால் பெட்ரோல் வண்டிகளில் பிரேக்குக்குத் துணைநிற்கும் வெற்றிடம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது அந்த வெற்றிடம் மறுபடி சேராது. மிதித்தபடியே கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். எஞ்சின் அலறும், அலறட்டும். ஓரம் கட்டி நிறுத்திய பிறகு எஞ்சினை அணையுங்கள். சாவிக்குப் பதில் பொத்தான் உள்ள வண்டியில் ஓடும்போது ஒரு தட்டுத் தட்டினால் அணையாது. அந்த லெக்சஸில் மூன்று நொடி அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. உங்கள் வண்டியில் எப்படி என்று கையேட்டில் இன்றே பாருங்கள். சாவி உள்ள வண்டியென்றால் ஓடும்போது சாவியை உருவ வேண்டாம், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் சேர்ந்து அழுத்தப்பட்டால் எஞ்சின் வேகத்தைத் தானே குறைக்கும் ஏற்பாடு இப்போது பெரும்பாலான புது வண்டிகளில் வந்துவிட்டது. மேட் மாட்டினால் அது காப்பாற்றும். கால் மாறினால் காப்பாற்றாது, ஏனென்றால் பிரேக்கை யாரும் மிதிக்கவே இல்லையே.

கேள்வி: 74 வயது அப்பாவுக்கு ஆட்டோமேட்டிக் கார் வாங்கித்தரலாம் என்று இருக்கிறேன். கால் மாற்றி மிதித்துவிடுவாரோ என்று பயம். (வாசகி, கோவை)

பதில்: நியாயமான பயம். 2019 ஏப்ரலில் டோக்கியோவின் இகெபுகுரோவில் 87 வயது முன்னாள் அதிகாரி ஓட்டிய கார் ஒரு தாயையும் மூன்று வயது மகளையும் கொன்றது. கார்தான் கோளாறு என்று கோர்ட்டில் வாதாடினார். எடுபடவில்லை, 5 வருடம் சிறை. ஜப்பானில் 2028 செப்டம்பரிலிருந்து புது ஆட்டோமேட்டிக் கார்களில், முன்னால் தடை இருக்கும்போது ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்தால் வேகத்தை அடக்கும் கருவி கட்டாயம். நீங்கள் வாங்கும் மாடலில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று ஷோரூமில் குறிப்பாகக் கேளுங்கள். அப்பா இத்தனை வருடம் கிளட்ச் வண்டி ஓட்டியவர் என்றால், இடது கால் பிரேக்குக்குப் போகாமல் சும்மா இருக்கப் பழக, காலி மைதானத்தில் கொஞ்ச நாள் ஓட்டட்டும். செருப்பை மாற்றி ஷூ போட்டுக்கொண்டு ஓட்டுவது நல்லது.

கேள்வி: போன வாரம் நெடுஞ்சாலையில் என் கார் ஆக்சிலரேட்டர் சில நொடி திரும்பவில்லை. மோதல் எதுவும் இல்லை. சர்வீஸ் சென்டரில் "எங்களுக்கு அப்படி எதுவும் வரவில்லையே" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். புகார் கொடுத்தால் பயன் உண்டா? (வாசகர், நியூ ஜெர்சி)

பதில்: உண்டு, எழுத்தில் கொடுத்தால். முதலில் சர்வீஸ் சென்டரின் வேலைச் சீட்டில் நீங்கள் சொன்ன குறையை உங்கள் வார்த்தையிலேயே எழுதவைத்து நகல் வாங்குங்கள். "பரிசோதித்தோம், குறை இல்லை" என்று எழுதினாலும் பரவாயில்லை, தேதியோடு இருக்கட்டும். அப்புறம் என்.எச்.டி.எஸ்.ஏ. இணையதளத்தில் புகார் பதிவு செய்யுங்கள்.

"கார் தானாக ஓடியது" என்று மட்டும் எழுதினால் அது ஆறாயிரத்தில் ஒன்றாகப் போய்விடும். என்ன வேகத்தில் போனீர்கள், கால் எங்கே இருந்தது, பெடல் கீழேயே நின்றதா அல்லது மேலே வந்தும் எஞ்சின் வேகம் குறையவில்லையா, பிரேக் மிதித்தபோது என்ன ஆனது என்று எழுதுங்கள். பெடல் கீழே நின்றது என்றால் மேட்டையும் பெடலையும் பார்க்க வேண்டும். பெடல் மேலே வந்தும் எஞ்சின் இரைந்தது என்றால் விசாரணை வேறு பக்கம் போகும். மேட்டை எடுத்துப் போடுவதற்கு முன் இருந்த நிலையிலேயே படம் எடுத்திருந்தால் அதையும் சேருங்கள். மோதல் இல்லாததால் வண்டியின் பதிவுக் கருவியில் எதுவும் சேமிக்கப்பட்டிருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே உங்கள் ஞாபகம்தான் சாட்சி, அதை ஆறவிடாமல் எழுதிவிடுங்கள்.

பெடல் எப்படியெல்லாம் மாட்டும் என்பதற்கு எல்லையே இல்லை. 2024 ஏப்ரலில் டெஸ்லா தன் சைபர்டிரக் வண்டிகள் 3,878ஐத் திரும்ப அழைத்தது. தயாரிப்பின்போது பெடலின் மேல்மூடியைச் சுலபமாகப் பொருத்த சோப்பைத் தடவியிருக்கிறார்கள். அதனால் மூடி நழுவி மேலே உள்ள பலகையில் சிக்கியது. அப்படி ஒன்றைப் பார்த்த சர்வீஸ் சென்டரும் முதலில் சிரித்திருக்கலாம். சரிசெய்து தரும் வரை உங்கள் காரை வீட்டில் வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம்.